பூவரசு மரத்தில் ஒரு ஜோடி வாத்து

"கண்ண மூடிக்கினு சொல்லுய்யா" என்றாள் புஷ்பம்.

என் வலது கட்டைவிரலைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். தாலிச் செயினுக்குக் கொஞ்சம் மேலே, நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளி. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என் மடியில் பாதி செதுக்கிய மர வாத்து. விரலெல்லாம் மரத்தூள்.

"மரத்துல மயிரிழை மேடு இருந்தாலும் என் வெரலுக்குத் தெரியும்னு பீத்திக்கினியே. இங்க இன்னா கீது, சொல்லு பாப்போம்."

சிரித்துக்கொண்டேதான் கண்ணை மூடினேன். விரல் மெதுவாக இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது. எச்சில் விழுங்கச் சொன்னேன். விழுங்கினாள். என் விரலுக்கு அடியில் அது மேலே போய்க் கீழே வந்தது. நெல்லிக்கொட்டை அளவு இருக்கும்.

கண்ணைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

"இன்னாய்யா?"

"நரம்பா இருக்கும் புஷ்பம்."

"நரம்புன்னா ஏன்யா இன்னும் கண்ணத் தொறக்கல?" என்றாள்.

குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பெட்டி அடிக்கிறவன்

அந்த வாத்து என் மடிக்கு எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு இது விளங்காது.

ஒரகடம் ரோட்டில் ஒரு ஷெட்டில் நான் பெட்டி அடித்துக்கொண்டிருந்ததைப் போன வாரப் பத்தியில் சொன்னேன். கம்பெனிகளுக்கு வருகிற மெஷினும், அங்கிருந்து போகிற பாகங்களும் மரப்பெட்டியில்தான் பயணம் போகும். அந்தப் பெட்டிகளை அடிப்பதுதான் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு ஆண்டவர் கொடுத்த பிழைப்பு. எங்கள் பென்னலூர்க் கோயில் சபையில் யாராவது இறந்துபோனால் அந்தப் பெட்டியையும் நான்தான் செய்வேன். என் கையில் உருவானது எல்லாமே நாலு மூலை உள்ளவை.

புஷ்பத்தின் தம்பி ஆரோக்கியம் அப்போது ஒரு கொரியாக்காரருக்குக் கார் ஓட்டினான். பார்க் சார் என்போம். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பார்ப்பவர். ரெண்டாயிரத்துப் பத்து, பதினொன்று இருக்கும். அந்த நாட்களில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியாக்காரர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அவ்வளவு பழகிவிட்டிருந்தது.

பொங்கல் முடிந்த ஒரு சாயங்காலம் ஆரோக்கியம் வந்தான்.

"மாமா, எங்க சார் தங்கச்சிக்குக் கல்யாணம். அவுங்க ஊர்ல கல்யாணத்துக்கு மரத்துல வாத்து ஜோடி செஞ்சி வெப்பாங்களாம். நீதான் செஞ்சித் தரணும்."

"நான் பொட்டி அடிக்கிறவன்டா. வாத்துக்குப் பொட்டி வேணும்னா சொல்லு."

"கடைல வாங்கினா ஆவாதாம் மாமா. ஒத்துமையா வாழுற குடும்பஸ்தன் கையால செதுக்கணுமாம். ஒரு ஆளு ஆயுசுக்கும் ஒரு ஜோடிதான் செய்யலாமாம். உனக்குத் தெரிஞ்சி அப்பிடி யாரு கீறாங்கன்னு கேட்டாரு. எங்க அக்காவும் மாமாவும்தான்னு சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து புஷ்பம் சத்தம் போட்டாள். "எங்க ஒத்துமைய நீ எங்கடா பாத்த?"

என் மனைவியின் குரலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கோயிலில் பதிலுரைப் பாடலை மைக் இல்லாமல் பாடுவாள். வாசலில் செருப்புக் கழற்றுகிறவருக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். தெருவில் அவள் பிள்ளைகளைக் கூப்பிட்டால் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் எழுந்து போவார்கள். அவள் குரல் கேட்டால்தான் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

அடுத்த ஞாயிறு பார்க் சாரே வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, குனிந்து வணக்கம் சொன்னார். போனில் படம் காட்டினார். ஆண் ஒன்று, பெண் ஒன்று. பெண் வாத்தின் அலகைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"அது இன்னாத்துக்குடா?" என்று தம்பியைக் கேட்டாள் புஷ்பம்.

"பொண்டாட்டி வாயடக்கமா இருக்கணுமாம்க்கா."

"அப்போ ஆம்பள வாத்து இன்னா பேசினாலும் பேசிக்கினே இருக்கலாமா? நல்லா கீதே நியாயம்!"

ஆரோக்கியம் அதை எப்படி மொழிபெயர்த்தானோ தெரியாது. பார்க் சார் முகம் சிவக்கச் சிரித்தார். இரண்டு கையையும் வாத்து மாதிரி வைத்து, மூக்கோடு மூக்கு சேர்த்துக் காட்டி "நல்லா" என்றார். முதுகோடு முதுகு திருப்பி "சண்டை" என்றார். கல்யாணமான வீட்டில் வாத்தைப் பார்த்தாலே அன்றைய நிலவரம் தெரிந்துவிடுமாம். கடைசியில் என்னைப் பார்த்து, "வீடு, எல்லாரும் நல்லா?" என்று கேட்டார்.

"கடவுள் கிருபையால நல்லா இருக்கோம் சார்" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

நாலு மூலை வாத்து

முதலில் பெட்டிக் கட்டையிலேயே செதுக்கிப் பார்த்தேன். வெளிநாட்டுப் பைன் மரம். உளியை வைத்தால் வெண்ணெய் மாதிரிப் போகும், கழுத்துக்கு வந்ததும் பட்டென்று பிளந்துவிடும். முதல் வாத்துக்குத் தலை போனது. இரண்டாவதற்குத் தலை நின்றது, ஆனால் புஷ்பம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாத்தா இது? இஸ்திரிப் பொட்டி. கரி போட்டா துணி தேய்க்கலாம்" என்றாள்.

அவள் சொன்னது சரி. நாலு பக்கமும் சதுரம், மேலே ஒரு கைப்பிடி.

பெட்டி அடிப்பவனுக்குப் பென்சில் கோடு உண்டு. கோட்டைப் போட்டு, கோட்டிலேயே அறுத்தால் முடிந்தது. உருண்டையான பொருளுக்குக் கோடு எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் போட்ட கோடு, கட்டையைத் திருப்பினால் காணாமல் போகிறது. ஷெட்டில் ஆணி அடிக்கும்போதும் இதே யோசனை. தப்பாகச் செய்தால் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு ஆகாதே என்ற பயம் வேறு. எனக்குப் பயப்பட எப்போதும் ஒரு காரணம் வேண்டும். அப்போது அது வாத்தாக இருந்தது.

கோயில் வளாகத்தில் பூவரசு மரத்தின் கிளை ஒன்றை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஃபாதரிடம் கேட்டேன். வேறு ஊர்ச் சடங்குக்குச் செய்யலாமா என்ற சந்தேகத்தையும் சேர்த்தே கேட்டேன்.

"கும்பிடப் போறாங்களா?" என்றார்.

"இல்ல ஃபாதர். புருசன் பொண்டாட்டி ஒத்துமையா இருக்கணும்னு வீட்ல வெப்பாங்களாம்."

"அப்ப எனக்குத் தெரிஞ்ச நாலு வீட்டுக்கு வேணும். எடுத்துட்டுப் போப்பா" என்றார்.

அறுவடை முடிந்த மாசம். எங்கள் ஏரிப் பக்கத்து வயல்களில் வாத்து மேய்க்கிறவர்கள் கூட்டத்தை இறக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர், இந்தப் பக்கம் சேற்றில் ஆயிரம் வாத்தின் இரைச்சல். நானும் புஷ்பமும் வரப்பில் உட்கார்ந்து பார்த்தோம். நான் பார்த்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் கண்டுபிடித்தாள்.

"நீ ஏன்யா கழுத்த நீட்டினு கீற வாத்தாவே செய்யிற? தோ பாரு, சும்மா ஒக்காந்துகினு கீறது எல்லாம் கழுத்த உள்ள இஸ்துக்கினுதான் கீது. அந்த மாதிரி செய்யி. ஒடையாது."

அதன்பிறகுதான் வேலை ஓடியது. கழுத்தை உள்ளே இழுத்து, தலை நெஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி செதுக்கினேன். வாச்சியால் கொத்திப் பருமனைக் குறைத்து, உளியால் உருவம் எடுத்து, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து. மரத்தின் ரேகை ஏறுகிற பக்கம் உளியை வைத்தால் சிம்பு சிம்பாகப் பிய்ந்து எழும். இறங்குகிற பக்கமாக வைத்தால் சுருள் சுருளாக விழும். கண்ணைத் திறந்துகொண்டு தேய்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினால்தான் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்தது. அதைத்தான் அவளிடம் பீற்றிக்கொண்டேன்.

ஆண் வாத்து முடிந்ததும், "தண்ணில வுட்டுப் பாரு" என்றாள்.

"கல்யாண வாத்துக்குத் தண்ணி எதுக்கு?"

"தண்ணில நிக்காத வாத்து இன்னா வாத்து?"

பக்கெட்டில் விட்டேன். குடித்தவன் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தது. அடிவயிற்றில் ஷெட்டில் கிடந்த ஒரு போல்ட்டைப் பதித்தேன். நிமிர்ந்தது. உடனே ஏரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கரையோரம் விட்டோம். காற்றில் லேசாக ஆடிக்கொண்டு, உண்மையான வாத்து மாதிரியே நின்றது. கூட்டத்திலிருந்து நாலைந்து வாத்து பிரிந்து அதன் பக்கத்தில் வந்து கத்தின. அதன் பின்னால் இன்னும் பத்து.

மேய்க்கிறவர் கோலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "யோவ்! மரவாத்த வுட்டு என் வாத்த இஸ்துகினு போவப் பாக்கிறியா?"

புஷ்பம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தண்ணீர் மேல் போய் அந்தக் கரையில் முட்டித் திரும்பியது. அந்த வருடத்தில் நான் கேட்ட கடைசி முழுச் சிரிப்பு அது. அடுத்த ஞாயிறுதான் அவள் என் விரலைப் பிடித்துக் கழுத்தில் வைத்தாள்.

என் வாய்

தண்டலம் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கழுத்தில் ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்தது. கெட்டதா இல்லையா என்று ஊசியில் தெளிவாகத் தெரியவில்லை, கட்டியை எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். குரலுக்கான நரம்பு அது பின்னாடியேதான் போகுது. ஜாக்கிரதையாதான் செய்வோம். ஆனா குரல் கொஞ்ச நாள் கம்மலாம். ரொம்ப அபூர்வமா சிலருக்கு அப்படியே நின்னுடும்."

புஷ்பம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான்தான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். நர்ஸைக் கேட்டேன். லிஃப்ட்டில் நின்றவரைக் கேட்டேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் பார்மஸி படிக்கிறான் என்று தெரிந்து அவனையும் கேட்டேன்.

எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. வீட்டில் ஒரு மணிக்கு ஒரு தடவை "வலிக்குதா? முழுங்க முடியுதா? பெருசாயிட்ட மாதிரி கீதா?" என்று நச்சரித்தேன். பூசை முடிந்ததும் நின்றவர்களிடமெல்லாம் செபிக்கச் சொல்லிக் கேட்டேன். செபம் கேட்பது தப்பில்லை. ஆனால் சொன்ன விதம் அப்படி. அன்று சாயங்காலமே பாதி சபை எங்கள் வீட்டில். ஆள் போய்விட்ட வீடு மாதிரி அழுதார்கள். ஒருத்தி புஷ்பத்தின் கன்னத்தைத் தடவி, "உன் பாட்ட இனிமே எப்பம்மா கேப்போம்" என்றாள்.

அவர்கள் போனதும் புஷ்பம் கதவைச் சாத்தினாள்.

"என் பயத்தையே நான் எங்க வெக்கிறதுன்னு தெரியாம கீறேன். உன் பயத்தையும் சேத்து ஏன்யா என் தலையில கொட்டுற? செத்த நேரம் வாய மூடிக்கினு என் பக்கத்துல ஒக்கார மாட்டியா?"

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான். பிறகு, "இப்ப கத்தினியே, தொண்டை வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் எழுந்து போய்விட்டாள்.

ஷெட்டிலும் வீட்டிலும் எனக்கு நிம்மதி இருந்தது பெண் வாத்தைச் செதுக்கும்போது மட்டும்தான். கழுத்துக்கு வந்ததும் அதுவும் போனது. தேய்க்கத் தேய்க்க மேடு இருப்பதாகவே பட்டது. இல்லாத மேட்டைத் தேய்த்துத் தேய்த்து, ஆண் வாத்தைவிடக் கழுத்து ஒல்லியாகிவிட்டது.

பார்க் சாரின் அம்மா

இரண்டு வாத்தும் முடிந்து, எண்ணெய் பூசிக் காயவைத்திருந்தேன். பார்க் சார் கொடுத்தனுப்பிய சிவப்பு நூலை ஆரோக்கியமே பெண் வாத்தின் அலகில் கட்டினான். கட்டிவிட்டுத் தயங்கி நின்றான்.

"மாமா, ஒரு மேட்டரு. சாரோட அம்மா போன்ல மறுபடியும் கேட்டாங்களாம். செதுக்கினவரு சம்சாரம் நோய்நொடி இல்லாம கீறாங்களா, வூட்ல எல்லாரும் சொகமான்னு. அதுவும் அந்தக் கண்டிசன்ல ஒண்ணாம். எனக்கே இப்பத்தான் தெரியும். சார் உன்னக் கேக்கச் சொன்னாரு."

ஆமாம் என்று சொன்னால் பொய். பொய் சொல்லிக் கொடுத்த வாத்தை ஒரு பெண் தன் வீட்டில் வைத்து வாழ வேண்டும். இல்லை என்று சொன்னால், என் மனைவி நோயாளி என்று என் வாயாலேயே முடிவு கட்டிய மாதிரி. ரிப்போர்ட்டே இன்னும் அப்படிச் சொல்லவில்லையே. செபமாலையைக் கையில் எடுத்தேன். ஒரு மணியும் நகரவில்லை.

புஷ்பம் துணி மடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் ரிஜெக்ட் பீஸா?" என்றாள்.

"அக்கா, அப்பிடி இல்லக்கா..."

"வண்டிய எடு. நானே வந்து சொல்றேன்."

வாத்து இரண்டையும் ஒயர்கூடையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். பார்க் சார் தங்கியிருந்த அப்பார்ட்மென்ட்டின் கீழே, பைக் நிறுத்துமிடத்தில் நின்று பேசினோம். அவள் சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"இங்க ஒரு கட்டி கீது சார். நல்லதா கெட்டதான்னு எடுத்தாத்தான் தெரியும். இவரு செதுக்க ஆரம்பிக்கிறப்போ எங்களுக்குத் தெரியாது. வாத்து நல்லா கீது. வேணும்னா எடுத்துக்கோங்க. வேணான்னா குடுத்துருங்க. உங்க அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

ஆரோக்கியம் கம்பெனி இங்கிலீஷில் சொல்லி முடித்தான். பார்க் சார் வாத்துகளைக் கையில் எடுத்து, என்னை மாதிரியே கட்டைவிரலால் கழுத்தைத் தடவினார். தள்ளிப் போய் ஊருக்குப் போன் செய்தார். நெடுநேரம் பேசினார். பேசியதைவிட அம்மா சொன்னதைக் கேட்டதே அதிகம். திரும்பி வந்து, இரண்டு கையாலும் வாத்துகளைப் புஷ்பத்திடம் நீட்டிக் குனிந்தார். நிமிரவே இல்லை.

"சாரி அக்கா. அம்மா... பயம்" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனால் காரில் புஷ்பம், "பொண்ணப் பெத்தவ. பயப்படாம இன்னா செய்வா?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "கேட்டியா, அந்தம்மா ஒரு ஆள்கிட்டதான் சொல்லிச்சி. ஊரக் கூட்டல" என்றாள்.

டிவி மேலே

வாத்துகளை டிவி மேல் வைத்தாள். பெண் வாத்தின் அலகிலிருந்த நூலை அவிழ்த்து, சுருட்டி, டிவிக்கு அடியில் போட்டாள். பிறகு இரண்டையும் முதுகோடு முதுகு திருப்பி வைத்தாள். நான் பார்க்கும்படியே வைத்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு அவளே ஃபாதரிடம் போனாள். பிப்ரவரி மாசம் தொண்டைக்குப் பாதுகாவலரான புனிதரின் திருநாள் வரும். இரண்டு மெழுகுத்திரியைச் சிலுவை மாதிரிப் பிடித்துக் கழுத்தில் வைத்து மந்திரிப்பார்கள். அது முடிந்து தவக்காலமே பாதி போய்விட்டிருந்தது.

"சீசன் தப்பிப் போச்சி ஃபாதர். பரவால்லியா?"

"அவருக்கு வருசம் பூரா டியூட்டிதாம்மா" என்று ஃபாதர் திரிகளை எடுத்துவந்தார். அவள் கண்ணை மூடி நின்றாள். அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்ற நான், அவர் முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். டிவி மேல் வாத்துகள் அப்படியே நின்றன.

ஆபரேஷன் அன்று காலை பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆரோக்கியம் கொண்டுவந்த ஆட்டோவில் ஏறினோம். ஏறியவள் இறங்கினாள்.

"செபமாலைய உள்ளயே வெச்சிட்டு வந்துட்டேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வர நேரமானது. "இன்னா பண்ற, டாக்டர் வந்துருவாரு!" என்று நான் தெருவிலிருந்து கத்தினேன்.

பத்து மணி வாக்கில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். மதியம் டாக்டர் வெளியே வந்தார். கட்டி முழுசாக வந்துவிட்டது, பார்க்கப் பயப்படும்படி இல்லை என்றார். பின்னால் வந்த ரிப்போர்ட்டும் அதையே சொன்னது, ஆண்டவருக்கு நன்றி. "குரல்?" என்றேன். "மயக்கம் தெளிஞ்சி பேசட்டும், பாக்கலாம்" என்றார்.

எடுத்துவந்த ஃபிளாஸ்க் ஒழுகியது. போர்வையும் மறந்துவிட்டது. ஆரோக்கியத்தை இருக்கச் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். பூட்டைத் திறந்தேன். வெயில் நடுவீட்டில் விழுந்துகிடந்தது. இவ்வளவு சத்தமில்லாமல் அந்த வீட்டை நான் பார்த்ததில்லை.

டிவி மேலே வாத்துகள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன.

கிட்டே போனேன். பெண் வாத்தின் அலகு வெறுமனே இருந்தது. ஆண் வாத்தின் அலகில் சிவப்பு நூல். ஆரோக்கியம் கட்டிய மாதிரி ஒரு சுற்று இல்லை. சுற்றிச் சுற்றி, மல்லிகைப்பூ தொடுக்கும்போது அவள் போடுவாளே, அந்த முடிச்சாகப் போட்டு இறுக்கியிருந்தாள்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து தேம்பினேன். நூலை அவிழ்க்கவில்லை.

நான் திரும்பிப் போனபோது அவளை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கழுத்தில் பெரிய கட்டு. கண் திறந்திருந்தது. போர்வையைப் போர்த்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா, பேச வருகிறதா, எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இன்னா மாமா, ஒண்ணும் கேக்கல?" என்றான் ஆரோக்கியம் ஆச்சரியமாக.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவள் உதடு அசைந்தது. காற்றுத்தான் வந்தது. மறுபடியும் அசைந்தது. பூவரசு மேல் அரம் போட்ட மாதிரி, கரகரவென்று, ஆனால் குரல்தான் அது. அவள் குரல்தான்.

"பாத்தியா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.